சுகன்யாவின் பெயருக்குப் பின்னால்

தஞ்சாவூரில் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களுக்கு அறுவடை மிஷின் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் சின்னக் கம்பெனி நடத்துகிறேன். முதல் பேட்ச்சில் படித்த கீழ்வேளூர் சுகன்யா இன்று தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள்.

மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்றிருந்தது. அவள் பெயருக்குப் பின்னால், 'அறுவடை மிஷின் மெக்கானிக்'.

"பிளஸ் டூதானேம்மா, ஒண்ணும் போட வேணாம்னு பிரஸ்காரர் சொன்னாரு மேடம். எங்க மாமனார்தான் கட்டாயம் போடணும்னுட்டாரு. அறுப்பு நேரத்துல அவங்க மிஷின் நின்னப்ப நான்தானே போய் ஓட வெச்சேன்."

பத்திரிகையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

என் கல்யாணப் பத்திரிகையிலும் பி.இ. உண்டு. தாலி கட்டிய அன்று எனக்கு மூன்று பேப்பர் அரியர்.

இப்படிப் பட்டம் அச்சடித்தவர்கள் இங்கே இன்னும் எத்தனை பேர்?