வேலிக்குள் இருந்த கூடு

சென்ற சனிக்கிழமை காலை, ஜெர்மனியின் எசன் நகரில் நண்பர் ரவியின் வீட்டு வேலியை வெட்டினேன்.

ரவியின் மகள் அஞ்சலிக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித நீராட்டு. தோட்டத்தில் பந்தல் போட்டுத் தண்ணீர் வார்க்க ஏற்பாடு. வாடகைக்கு எடுத்த பந்தலோ நினைத்ததைவிட அகலம். குறுக்கே ஆள் உயர வேலிச்செடி.

“அண்ணை, உந்த வேலியைக் கொஞ்சம் வெட்டி விடுவமே?” என்றார் ரவி.

மே மாதம். இங்கே மார்ச் முதல் செப்டம்பர் முடியும்வரை வேலியை அடியோடு வெட்டக் கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம். எனக்குத் தெரியாதா என்ன? முந்தின வாரம்தான் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் பிரிட்டனை வெளுத்து வாங்கியிருந்தேன் – ரோடு போடப் பழைய காட்டை வெட்டிவிட்டு, ‘வேறு இடத்தில் கன்று நடுவோம்’ என்று சமாதானம் சொல்கிறார்களே என்று. ஊருக்குத்தான் உபதேசம்…

“பிறகு புதுசா ஒண்டு நட்டால் சரி” என்றேன். நானேதான்!

நாலைந்து வெட்டுத்தான். கூடு கீழே விழுந்தது. உள்ளே இறகு முளைக்காத நான்கு குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி.

அஞ்சலிக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். அவளே பறவைக் காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

“கூட்டைத் திரும்பக் கொப்பில வைக்கட்டாம். தாய் வருமாம். ஆனா இண்டைக்கு முழுக்க ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாதாம். அப்பா, வீட்டுக்குள்ளயே தண்ணி வார்ப்பம். எனக்குப் பந்தல் வேண்டாம்.”

“நல்ல நேரம் முடியப் போகுது, பிள்ளை. லண்டன் சனமும் வந்திட்டுது” என்ற ரவி, என் முகத்தைப் பார்த்தார்.

நான் மூத்தவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். சொல்லவில்லை. கூட்டை, வெட்டாமல் மிஞ்சிய கொப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே பந்தலைக் கட்டினோம். பாட்டு, வீடியோ, ஆரத்தி… தாய்ப்பறவை கூரைக்கும் மதிலுக்கும் பறந்துகொண்டே இருந்தது. இறங்கவில்லை.

காட்டை அழிக்கிறவர்களுக்கு மனசே கிடையாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இருக்கிறது. அன்றைக்கென்று ஓர் அவசரமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மாலையில் சனம் கலைந்ததும், பட்டுச்சேலையோடு முதலில் ஓடியவள் அஞ்சலிதான். குஞ்சுகள் நான்கும் குளிர்ந்து போயிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“மாமா, நீங்கள் எழுதிறதை அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டிறவ” என்றாள். “இதையும் எழுதுவீங்களோ?”

எழுதிவிட்டேன், பிள்ளை. குஞ்சுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.