பெத்துராஜ் கோழியைப் பாவுக்குக் கூப்பிட்ட கதை

எங்க தெருவுல பெத்துராஜு பேசாத வீடு பதினொண்ணு. தெருவுல மொத்தமே பன்னெண்டு வீடுதான், மிச்ச ஒண்ணு அவரு வீடு.

எழுபத்தாறுல அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கிடா வெட்டிப் பங்கு போட்டப்ப அவரு பங்குல ஈரல் விழலை. அவ்வளவுதான் சங்கதி. "எல்லாரும் சேந்து என் ஈரலைத் தின்னுட்டீங்க"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டவருதான், மூணு வருசம் எங்க யாருகிட்டயும் வாயைத் திறக்கலை. நான் எதிர் வீட்டு ஆறுமுகத்தாய். எங்க பங்குல ரெண்டு துண்டு ஈரல் வந்தது நெசந்தான். அதுக்கு நான் என்ன செய்ய?

நாங்க தறிக்காரங்க. நெய்யப்போற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன்ன தேய்ச்சுக் காயவச்சுச் சுருட்டணும். அதுதான் பாவு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரால ஆகுற காரியமில்ல. அதனால யாரு பாவா இருந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வரணும், கூலி கிடையாது. ஆனா பாவுக்காரரு முந்தின நாளே வாசல்ல வந்து வாயால கூப்பிடணும். கூப்பிடாம ஒருத்தனும் போகமாட்டான், அம்புட்டு ரோசம். நாங்க கூப்பிட்டா பெத்துராஜும் வருவாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே சுத்தமா வேலை செஞ்சுட்டுப் போயிருவாரு.

அவரு பாவுக்கு வாசுதேவநல்லூர் மச்சினன்மாருதான் வந்துக்கிட்டிருந்தாங்க. அந்த ஆனியில அவங்களுக்கு நடவு, வர முடியலை. வெள்ளிக்கிழமை பாவு தறியேறலைன்னா நூலைத் திருப்பி எடுத்துக்கிடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. தறி நின்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. அவரு பொண்டாட்டி கோமதி என்கிட்ட வந்து அழுதா.

வியாழக்கிழமை சாயங்காலம் மனுசன் புறப்பட்டாரு. சுயம்புலிங்கம் அண்ணாச்சி வாசல்ல கட்டிக் கிடந்த கிடாவைப் பாத்து, "ஏ கிடாயே, நாளைக்குக் காலைல எனக்குப் பாவு"ன்னாரு. பக்கத்து வீட்டுல சாத்தியிருந்த உலக்கைகிட்டச் சொன்னாரு. எங்க வாசல்ல என் கோழிகிட்ட! நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன்.

விடிஞ்சுது. புருசனும் பொண்டாட்டியும் ரெண்டே பேரு பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுதாங்க. மேக்க வானம் கறுக்கு. பதினொரு வீட்டுலயும் கதவிடுக்குல கண்ணு. எங்க வீட்டுக்காரர் அசையலை.

"என்னையா கூப்பிட்டான்? கோழியைத்தான கூப்பிட்டான்!"

எனக்கு வந்துதே ஆத்திரம். "அப்ப கோழியே போகட்டும்"னு அதைப் பிடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தெருவுல இறங்கினேன். "ஏட்டி கோமதி, கோழி வந்துட்டு. என்ன வேலை, சொல்லு!"

தெருவே சிரிச்சுது. சுயம்புலிங்கம் அண்ணாச்சி கிடாவைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. உலக்கை வீட்டுக்காரன் உலக்கையோட வந்தான். எங்க வீட்டுக்காரரும் பின்னாலயே வந்தாரு, வெக்கங்கெட்ட மனுசன். எல்லாரும் பாவுல கை வச்சோம்.

அண்ணாச்சி கயித்தை விட்ட நேரம், கிடா கஞ்சி வாசத்துக்குப் பாவுல வாயை வச்சுட்டு.

"சுயம்புலிங்கம் அண்ணாச்சி! ஆட்டைப் பிடிங்க! என் பொழப்பைத் திங்குது!"

மூணு வருசத்துல பெத்துராஜோட முதப் பேச்சு. அண்ணாச்சி ஆட்டை இழுத்துக்கிட்டே, "பேசிட்டாரு வே!"ன்னு கத்தினாரு. நாலு இழைதான் போச்சு. கோமதி அதை முடிச்சுப் போட்டுட்டா. பாவைச் சுருட்டி உள்ள கொண்டு போகவும் மழை பிடிக்கவும் சரியா இருந்துச்சு.

எல்லாரும் பெத்துராஜு வீட்டுக்குள்ள நனைஞ்சு நின்னோம். "அடுத்த கொடைக்கு இந்தக் கிடாதான், ஈரல் பூராவும் உமக்கு"ன்னாரு அண்ணாச்சி.

"எனக்கு ஈரல் வேண்டாம் அண்ணாச்சி. இனிமே நேராவே கூப்பிடுதேன், வாங்க"ன்னு சொன்னவருக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. எனக்கும் தாங்கலை.

வேண்டாம்னவரு கொடையன்னைக்கு முத ஆளா நின்னு ஈரலை வாங்கிட்டுத்தான் போனாரு. கொஞ்ச நேரத்துல கோமதி இலையில சுருட்டி ரெண்டு துண்டு கொண்டாந்தா.

"அவுக குடுத்துவிட்டாக அக்கா. உங்க கோழிக்காம்."