அனுமதி கொடுத்த அப்பன்

எனக்கு ஊர் மல்லசமுத்திரம். ஆனால் ஆண்டில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருப்பேன். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும், நானும் திரும்புவேன். மற்ற நாட்களில் குடும்பத்தில் என் பங்கு, கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணை வாசித்துச் சொல்வது. கேஸ் சிலிண்டரா, ரேஷனா, பேங்கா, எல்லாம் என் பெயரில், என் நம்பரில். ரிக் வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "ஏழு, நாலு, நாலு" என்று எவனாவது கத்தினால் அவன் எங்கள் பக்கத்து ஆள்.

போன வருடம் என் மகளும் கூப்பிட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு.

"சாப்டீங்களாப்பா? நம்பர் வந்திருக்கும் பாருங்க."

சொல்வேன். "சரிங்கப்பா, வெக்கறேன்" என்பாள். பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கே கைக் கிரீஸைத் துடைத்துவிட்டு போனோடு நிற்பேன். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த மழைக்கு ஊர் வந்த மறுநாளே பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் போனில் ஆளைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டிலேயே கிடக்கிறார்கள் என்றார் ஆசிரியை. நான் எழுந்து, அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"விதியெல்லாம் இருக்குதுங்க. பதினெட்டு வயசு ஆகலீன்னா, ஒவ்வொருக்காவும் அப்பா போனுக்கு நம்பர் வரும். அவரு சொன்னாத்தான் ஆட்டம் தொறக்கும்" என்றார் ஆசிரியை.

"எந்தக் கிறுக்கனுங்க அதைச் சொல்லுவான்?" என்றேன். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

வீடு திரும்பும் பாதி வழியில்தான் மகளின் ஐந்தரை மணி போன் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய குறுஞ்செய்திகளைத் திறந்தேன். எண்ணுக்கு மேலே ஆங்கிலத்தில் இருக்கும் வரிகளை நான் ஒருநாளும் படித்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். உங்கள் பிள்ளை விளையாட அனுமதி கேட்கிறது, சம்மதமென்றால் இந்த எண்ணைத் தரவும். சட்டம் கேட்டதையெல்லாம் நான் ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்திருந்தேன்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எதையும் ஒளிக்கவில்லை.

"நீங்கதானுங்கப்பா சொன்னீங்க?"

"ஒரு நாளைக்கு எத்தன பேரச் சுடுவ?"

"பத்துப் பதினஞ்சு பேருங்கப்பா. நானும் செத்துருவனுங்க."

திட்ட வாய் வரவில்லை. இனிமேல் எண் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை.

"ஆனா நான் அங்க போனதுக்கப்புறம் அஞ்சரைக்குக் கூப்படோணும், சாமி."

குறும்பாக அல்ல, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"எதுக்குங்கப்பா?"



மழை விட்டது, வண்டி கிளம்பியது. ராய்ப்பூர் தாண்டி வேலை. முதல் நாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. எட்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் நானே கூப்பிட்டேன்.

"சாப்டீங்களாப்பா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நம்பர் ஏதாச்சும் வேணுமா, சாமி?" என்றேன்.