ஸ்டெல்லாவின் சிடி ரைட்டர்

சொல்யூஷன் வாசனை தெரியுமா உங்களுக்கு?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தோலை ஒட்டும் பசை ஒரு பக்கம், அந்தப் பசை வழிந்தால் துடைத்தெடுக்கும் க்ளீனர் இன்னொரு பக்கம்... இரண்டும் சேர்ந்து தலைக்கு ஏறும். சாயங்காலம் எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும், சோற்றில் கை வைத்தால் அதே வாசனைதான்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். சாம்பிள் ரூமில் ஷூவைத் துடைத்து பேக் பண்ணும் வேலை எனக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே. அதே ரூமின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஸ்டெல்லா.

என் வயசுக்காரி. கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்து சீட். இரண்டு வருஷம் ஸ்டிச்சிங் லைனில் தைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், அந்த நாற்காலியைப் பிடித்தவள்.

"எங்க வூட்லயே சேர்ல உக்காந்து வேலை செய்ற மொத ஆளு நான்தான்டி" என்பாள்.

எனக்குக் கொஞ்சம் எரியும். பொய் சொல்வானேன்.

அவள் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆர்டர் கைக்கு வர வேண்டியது.

சாம்பிள் ஷூக்களை போட்டோ எடுத்து, சிடியில் ஏற்றி, பெட்டியோடு வெளிநாட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. அப்போதைய இன்டர்நெட்டில் ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் எல்லாம் சிடிதான்.

அன்றைக்குப் பார்த்து, சிடியில் பதிவு பண்ணும் ரைட்டர் பிளாங்க் சிடியை ஏற்க மாட்டேன் என்றது. உள்ளே போட்டால் ஒரு உறுமல்... இரண்டு சுற்று... அப்புறம் 'பிளாங்க் டிஸ்க் போடவும்' என்று ஸ்கிரீனில் வரும். போட்டுத்தானே இருக்கிறோம்!

ஸ்டெல்லா வேறு சிடி போட்டாள். ஸ்பீடைக் குறைத்தாள். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். பாட்டு சிடி போட்டால் ஜோராகப் பாடியது. பிளாங்க் சிடி மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பெட்டி ஏற்றும் வண்டி நாலு மணிக்கு.

பதினோரு மணி வாக்கில் ரைட்டரையே கழற்றி மேஜையில் வைத்து, ஸ்க்ரூவை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு லென்ஸ். தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷினிலிருந்து பறக்கும் தூசி அதன் மேல் மாவு மாதிரி படிந்திருந்தது.

"தொட்டுடாதடி. சர்வீஸ்காரருக்கு போன் போட்டு இன்னா பண்றதுன்னு கேட்டுட்டு வர்றேன்."

அவள் ஆபீஸ் பக்கம் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம்...

எங்கள் கம்பெனியில் அழுக்கு என்றால் க்ளீனர்தான். ஷூவில் கறையா, மேஜையில் கறையா, மேனேஜர் பேனா ஒழுகியதா, எதுவானாலும் பஞ்சில் க்ளீனரைத் தொட்டு ஒரே இழுப்பு. என் கையில் அந்தப் பஞ்சு இருந்தது. உதவி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு படித்தவளுக்கு வராததை நான் சரிசெய்து காட்டவேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

துடைத்தேன். தூசி போய்விட்டது. லென்ஸ் பாலாடை மாதிரி வெளுத்துப்போனது.

பயத்தில் மூடியை வைத்து மூடிவிட்டு, பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு ஷூ டேபிளுக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லா திரும்பி வந்தாள்.

"ஈரமே படக்கூடாதாம்டி. பிளாஸ்டிக் லென்ஸாம்."

மூடியைத் தூக்கினாள். நிமிர்ந்து என் டேபிள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். காது குடையும் பட்ஸால் ஈரமில்லாமல் துடைத்துப் பார்த்து, மறுபடி மாட்டினாள். இப்போது பாட்டு சிடியும் பாடவில்லை.

பெட்டி சிடி இல்லாமல் போனது. அதற்கப்புறம் வந்த சர்வீஸ்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார். "யாரோ க்ளீனர் போட்டுத் துடைச்சிருக்காங்க சார். வெந்துபோச்சு."

"யாரும்மா இதைத் தொறந்தது?"

"நான்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

"நாளைலர்ந்து வர வேணாம்."

நான் குனிந்து ஒரு ஷூவுக்குள் பேப்பர் திணித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே திணித்து முடித்த ஷூ அது.

பஸ்ஸில் அன்றைக்கும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. முக்கால் மணி நேரம் ஒரு பேச்சில்லை. மறுநாள் அந்த சீட் காலி.

இனிமேல்தான் கேவலம். கொஞ்சம் டைப்பிங் தெரியும் என்று அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். புது ரைட்டர் வந்தது. முதல் பிளாங்க் சிடியையே டக்கென்று எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் ஒவ்வொரு படியாக ஏறினேன். இன்றைக்கு வேலூரில் ஏசி ரூம், தனி கேபின். என் லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. நூறு போட்டோவானாலும் டீ ஆறுவதற்குள் போய்விடுகிறது.

போன வருஷம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் பேஸ்டிங் டேபிளாம். நின்று செய்யும் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தடித்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"ஸ்டெல்லா... அன்னிக்கு அந்த லென்ஸை..."

"தெரியும்டி. மூடியைத் தூக்கறப்பவே க்ளீனர் வாசனை வந்துச்சே."

"அப்புறம் ஏன்டி சார்கிட்ட சொல்லல?"

"நான் ஏன் சொல்லணும்? பஸ் எறங்கற வரைக்கும் நீ சொல்லுவேன்னு பாத்துட்டே வந்தேன்."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். போன் நம்பர் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இங்கே நெட்டில் எழுதியாவது அவளிடம் சொல்லிவிடலாம் என்று நேற்று முழுக்க அவள் பேரைப் போட்டுத் தேடினேன். எத்தனையோ ஸ்டெல்லாக்கள் வருகிறார்கள்... அவளுக்கு இங்கே அக்கவுண்ட்டே இல்லை.