அந்தக் கிராசிங்கில் அப்பா நின்ற நாட்கள்

அருவங்காட்டிலிருந்து குன்னூர் போகும் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து எங்கள் குடியிருப்புக்கு ஏறும் சாலை, ஏறத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே மலை ரயிலின் தண்டவாளத்தைக் கடக்கும். அங்கே அப்போது கேட் கிடையாது. நின்று கவனித்துப் போகச் சொல்லும் மஞ்சள் பலகை ஒன்று மட்டும் பாசி படிந்து நின்றது. இந்தப் பக்கம் யூகலிப்டஸ் மரங்கள், அந்தப் பக்கம் மண் மேடு. ரயில் வளைவிலிருந்து வெளியே வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஹாரன் கேட்கும். எங்களுக்கு அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது. காய்கறிப் பையோடு வருபவர்கள் நின்று, ரயில் போனதும் தாண்டி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

அம்மா அந்த ரயிலுக்குப் பயந்ததே இல்லை. அவள் சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, கீழ் கோத்தகிரியில் இன்னொரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தாள். அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தொழிற்சாலை வேலைக்காக மலையேறியவர். இரண்டு வீட்டிலும் சம்மதிக்காமல் நடந்த கல்யாணம். "நம்ம நடையவிட மெதுவாத்தானே வருது, அது யாரை என்ன செய்யப் போகுது" என்பாள் அம்மா. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையசைக்கும் டூரிஸ்ட்டுகளுக்கு, கையில் பை இருந்தாலும் தூக்கி ஆட்டிவிட்டுத்தான் வருவாள். "பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்குதுக" என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வாள்.

எங்கள் சாலை கெட்டது செல்போனால்தான். சீசனில் மெயின் ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, போனில் வழி பார்த்து வருகிறவர்களுக்கு எங்கள் தெரு குறுக்கு வழியாகக் காட்டப்பட்டது. மேலே சுற்றி இறங்கினால் கொஞ்சம் தள்ளி மறுபடி மெயின் ரோட்டைப் பிடித்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர்க் கார்கள் வரிசையாக ஏறத் தொடங்கின. மேலே திருப்பத்தில் ஒரு வேன் சிக்கிக்கொண்டால், பின்னால் வந்த வரிசை தண்டவாளத்தின் மேலேயே நிற்கும். அது ரயில் பாதை என்பதே சிலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தேன். அங்கே ஒரு சின்ன டீ பேக்டரியின் ஆபீசில் எனக்கு வேலை, கல்யாணமாகி அங்கேயே வீடு. மெயின் ரோட்டில் காய்கறி வண்டி வந்திருக்கிறதென்று அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கிளம்பினார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டது. வழக்கம்போல அல்லாமல் விடாமல் அடித்தது. அப்பா எழுந்து நின்றார். பிறகு கீழே யாரோ கத்துவது கேட்டது. அப்பா ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்ததை அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது கார் வரிசை தண்டவாளத்தின் மேல் நின்றிருக்கிறது. அம்மாவும் அக்காவும் கார்களுக்கு இடையில் புகுந்து தாண்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஹாரன் கேட்டதும் தண்டவாளத்தின் மேல் நின்ற காரை ஓட்டியவர் பதறி, அவசரமாகப் பின்னால் எடுத்திருக்கிறார். அந்தக் கார் தன் மேல் வருவதைப் பார்த்து அம்மா ஒதுங்கினாள். ஒதுங்கிய இடம் தண்டவாளம். ரயில் பிரேக் போட்டபடிதான் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. ஆனால் இறக்கத்தில் வரும் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது.

நான் போனபோது அம்மா பேசினாள். "ஒண்ணுமில்ல, இடுப்புதான் வலிக்குது" என்றாள். தலையில் ரத்தம் அதிகமில்லை. குன்னூரில் முதலுதவி செய்து, உள்ளே அடி பலம், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் நானும் அப்பாவும் ஏறினோம்.

மலையிலிருந்து இறங்கும் ரோடு முழுக்க வண்டி. விடுமுறை முடிந்து எல்லோரும் ஒன்றாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழிவிட மனமில்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சைரன் அலறிக்கொண்டே இருந்தது, நாங்கள் ஊர்ந்துகொண்டே இருந்தோம். அம்மா முதலில் குளிருகிறது என்றாள். பிறகு, அடுப்பை அணைத்துவிட்டேனா என்று என்னிடம் கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றேன். பர்லியாரைத் தாண்டும்போது கூட வந்த நர்ஸ் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா, "இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க, சமவெளி வந்துருமுங்க" என்று அவரிடம் சொன்னார். அவர் அம்மாவின் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தார். அதற்குப் பிறகும் மேட்டுப்பாளையம் வரை நாங்கள் வரிசையில்தான் போனோம்.

காரியத்துக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு அக்கா என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். அதுவரை அவர் சரியாகப் பேசவே இல்லை.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் அம்மிணி. உங்கப்பாகிட்ட சொல்லிராத. உங்கம்மா ரயிலப் பார்த்துட்டாங்க. திரும்பி நேரா பார்த்தாங்க. நகரோணும்னு காலத் தூக்குனாங்க, சேலை எங்கியோ மாட்டிக்கிச்சு. எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போயிட்டேன், நடுவுல காரு நிக்குது."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து ஒருவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். அன்றைக்கு ரயிலை ஓட்டி வந்தவர் என்று சொன்னார். அப்பா, "உள்ள வாங்க" என்றார். அப்பாவைவிட வயதில் சின்னவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் வந்திருக்கக் கூடாதோ என்னமோ. வராமலும் இருக்க முடியலீங்க," என்றார். "பிரேக் போட்டேங்க. வளைவுல வந்ததுமே போட்டேன்."

"தெரியுமுங்க," என்றார் அப்பா. "எல்லாருஞ் சொன்னாங்க. உங்க மேல ஒண்ணுமில்லீங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா காத்திருந்தார். பிறகு, அத்தனை நாளாகக் கேட்க ஆள் தேடியவர் மாதிரிக் கேட்டார்: "ஏனுங்க, அவ ரயிலப் பார்த்தாளுங்களா?"

நான் காப்பி டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. அந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க. பார்க்கல."

அப்பா மெல்லத் தலையாட்டினார். "அப்பச் சரி," என்றார். "அப்பச் சரிங்க."

வாசல் வரை நான் கூடப் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பாராமல், "தூக்கமே இல்லம்மா" என்றார். அம்மா திரும்பிப் பார்த்தது அவரைத்தான் என்பதை அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டதாகக் கேள்வி.

அப்பா கிராசிங்கில் போய் நிற்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம். யாரிடமும் சொல்லவில்லை. ரயில் வரும் நேரத்துக்கு முன்னால் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு, சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். கார்களைத் தண்டவாளத்துக்கு முன்னாலேயே நிறுத்துவார். மேலே வழி இருந்தால் ஒவ்வொன்றாக விடுவார். ரயில் போனதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஏறி வருவார். மழைக்காலத்தில் குடை. மூடுபனி இறங்கும் நாட்களில் டார்ச் லைட்.

ஆரம்பத்தில் திட்டு வாங்கினார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தபோதே கோயம்புத்தூர் நம்பர் காரிலிருந்து ஒருவர் இறங்கி, "நீ யாருய்யா நிறுத்தறதுக்கு? போலீசா?" என்றார். அப்பா, "இல்லீங்க, இங்க குடியிருக்கறவனுங்க. ரயில் வருதுங்க," என்றார். "எங்கய்யா வருது, காணோமே" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கை நீட்டிக்கொண்டு வளைவில் எஞ்சின் வந்தது. அந்த ஆள் காரில் ஏறிக்கொண்டார். அப்பா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது முழுக்கக் கடந்து போகும் வரை.

"எதுக்குப்பா இது, கோத்தகிரிக்கு எங்கூட வந்துருங்க" என்று பலமுறை கூப்பிட்டேன். "நீ லீவு போட்டுட்டு வந்து நிப்பியா?" என்று ஒரு தடவை கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஊட்டிக்குப் போய்க் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். அங்கே மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ரயில் பாதை ஒருவர் பொறுப்பு, ரோடு வேறொருவர் பொறுப்பு என்றார்கள். மறுபடி போனோம். யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள். ஒரு சீசன் போய் இன்னொரு சீசன் வந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. கம்பு ஊன்றிக்கொண்டு இறங்கினார்.

கடைசியில் கேட் வந்தது. சின்ன ஷெட் ஒன்றும், அதில் உட்கார சமவெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணும். கேட் முதன்முதலாக மூடப்பட்ட அன்று தெருவே இறங்கி வந்து வேடிக்கை பார்த்தது. நானும் வந்திருந்தேன். அப்பா வழக்கமான இடத்திலேயே போய் நின்றார். ஆனால் கம்பி இறங்கியதும் கார்கள் தாமாகவே நின்றன. அவரை யாரும் பார்க்கவில்லை. ரயில் போனது. கம்பி ஏறியது. ஒரு கார் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, கொஞ்சம் ஓரமா வாங்க, வண்டி போகட்டும்" என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள்.

அப்பா ஓரமாக வந்தார். வண்டிகள் எல்லாம் போய் முடியும் வரை நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். "நல்லா பண்ணியிருக்கறாங்க," என்றார். "கம்பி பலமாத்தான் இருக்குது."

மறுநாள் ரயில் நேரத்துக்கு அவர் கிளம்பவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து எனக்காக உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டது. கத்தி அப்படியே நின்றது. கீழே கேட் மணி அடித்து ஓய்ந்தது. ரயில் கடந்து போகும் சத்தம் மரங்களுக்கு நடுவில் தேய்ந்து, இல்லாமல் போனது.

"இனி என்ன பண்றது அம்மிணி?" என்றார்.

அம்மாவை எரித்த அன்றுகூட அழாதவர், அன்றைக்கு அழுதார். தோல் சீவிய கையோடு, முகத்தைத் துடைக்காமல், சத்தமாக அழுதார். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அப்பாவின் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.