கல்யாணப் பருவம் முடியட்டும்

தெற்கு செர்பியாவில் வ்ரான்யே பக்கம் முப்பது வருடமாக ராதிஷாவின் டிரம்பெட் இல்லாமல் கல்யாணம் நடந்ததில்லை. வசந்தத்தில் அவனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அதன்பிறகு மூச்சை அழுத்தி ஊதும்போது சிறுநீர் கசியும். சிலருக்கு ஆயுசு முழுக்க.

"பொண்ணு மாப்பிள்ளை முன்னாடி நனைஞ்ச பேண்ட்டோட நிக்கவா? கல்யாணமெல்லாம் முடியட்டும், அப்புறம் வெட்டிக்கிறேன்."

"ஆமா, அதுவரைக்கும் சீக்கு உன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டு இருக்கும்," என்றாள் மனைவி ஸ்லாவ்கா.

கோடை முழுதும் ஊதினான். இவ்வளவு நன்றாக அவன் ஊதியதே இல்லை என்றார்கள். அக்டோபரில் இடுப்பெலும்பு வலித்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, நோய் எலும்புக்குப் போய்விட்டது, இனி சுரப்பியை எடுத்துப் பயனில்லை என்றார். நோயை வளர்க்கும் ஹார்மோனைச் சுரக்கும் விரைகளை எடுத்தால் சாவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

"அதைச் செஞ்சா ஊதும்போது கசியுமா டாக்டரம்மா?"

"கசியாதுங்க."

"அப்ப ஊதலாம்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ள, ஸ்லாவ்காவும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.