காங்கேசன்துறை ஷெட்டின் ஒற்றைக் குரல்

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி மழை பிடித்த நேரம். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து, புத்தூரில் சொந்தக்காரர் ஒருவரின் பழைய வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது இருபது வயது.

முதலில் எங்கள் ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் என் வாயில் ஒரு கதையும் வராது என்று என் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். கொழும்பிலிருந்து வரும் கோச்சி, அதுதான் ரயில், கடைசியாக வந்து நிற்பது எங்கள் ஊரில்தான். வந்த எஞ்சினைத் திருப்பி, பிரேக் பார்த்து, பழுது இருந்தால் திருத்தி அனுப்பும் பட்டறைகளைத்தான் ஷெட் என்போம். என் அப்பா அங்கே போர்மன், வேலையாட்களுக்குத் தலைவர். எங்காவது தண்டவாளத்தை விட்டு ஒரு பெட்டி இறங்கிவிட்டால் ஷெட் ஆட்கள்தான் போய்த் தூக்கி ஏற்ற வேண்டும். ஒரு பெட்டி என்ன பாரம் என்று நினைக்கிறீர்கள்? அதை ஒரு கீறல் விழாமல் ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாதாரணமாகச் சோறு கேட்பார்கள்.

பாரம் தூக்கும்போது அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எப்போது ஏற்ற, எப்போது நிறுத்த என்று ஒரே ஒருவர்தான், அநேகமாக அப்பாதான், குரல் கொடுப்பார். மற்றவர்கள் எவரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளிலும் இது பழகிப்போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினால் அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு, "ஒரு குரல்!" என்று அதட்டுவா.

தொண்ணூறில் சண்டையோடு கோச்சி நின்றுபோனது. ஊரைவிட்டு வெளிக்கிட்டதில் ஷெட் குடும்பங்கள் நாலைந்து புத்தூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. அதில் ஒருவர் ஷெட்டில் எஞ்சின் பாகங்களைக் கழற்றிப் பூட்டும் பிற்றர் வேலை செய்தவர். அவருக்கும் அப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. போர்மன் பதவி தனக்கு வரவேண்டியது என்பது அவருடைய கோபம். என் அக்காவின் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. அவருடைய தாயாரின் செத்தவீட்டுக்கு அப்பா போகவில்லை. நன்மை தின்மைக்குப் போய்வருவது ஒன்றும் கிடையாது. வழியில் கண்டால் ஒருவர் சைக்கிளை வேறு ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவார்.

அன்று காலை மழை விட்டிருந்தது. அந்த வீட்டு முகப்பின் கொங்கிரீட் தட்டு, கிட்ட விழுந்த குண்டின் அதிர்ச்சியில் ஏற்கெனவே வெடித்திருந்தது. அதன் கீழே அடுக்கியிருந்த விறகை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது நான் குப்புறக் கிடந்தேன். தட்டின் ஒரு பக்கம் தூணில் தொங்க, மறுபக்கம் இறங்கி என் இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. கண் முன்னால் ஒரு விறகுக் கட்டையும் கொஞ்சம் ஈர மண்ணும்தான்.

அயலவர்கள் ஓடிவந்தார்கள். பாவம், பதறிப்போய் ஆளுக்கொரு அலவாங்குக் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். ஒருவர் தூக்கச் சொல்ல, ஒருவர் விடச் சொல்ல, தட்டு என் பக்கமாகச் சரிந்தது. நான் போட்ட கூச்சல் சந்தி வரை கேட்டதாம்.

அப்போதுதான் ஓர் அதட்டல் கேட்டது. "ஒருத்தரும் தொடாதேங்கோ! எல்லாரும் வாயை மூடுங்கோ!"

பிற்றரின் குரல். இவர் ஏன் குரல் கொடுக்கிறார்? அப்படியானால் அப்பா இங்கே இல்லையா? காலையில் சுன்னாகத்துக்கு என்று சைக்கிளை எடுத்தவர் இன்னும் வரவில்லையா?

"அப்பா! அப்பா எங்கை?" என்று கத்தினேன். பதில் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அவவும் பேசவில்லை.

"பிள்ளை, கத்தாதை. மூச்சை மெல்ல விடு. இனி நான் மட்டும்தான் கதைப்பன்" என்றார் பிற்றர்.

பக்கத்தில் நின்ற லொறியிலிருந்து பாரம் உயர்த்தும் ஜக் வந்தது. குண்டுக்குப் பயந்து வெட்டிய பங்கர்க் குழிக்கு மேலே அடுக்கியிருந்த தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளை அயலவர்கள் ஓடி ஓடித் தூக்கிவந்தார்கள். பிறகு ஷெட்டில் நடந்த மாதிரியே நடந்தது. "ஏத்து." ஜக் ஒரு விரற்கடை ஏறும். "நில்." எல்லாம் நிற்கும். "கட்டை." யாரோ ஒருவர் தட்டுக்கு அடியில் கையை நுழைத்துக் கட்டையைச் செருகுவார். ஜக்கை ஒருநாளும் நம்பக் கூடாது, கட்டையைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர்களுடைய வேலைமுறை. ஏத்து, நில், கட்டை. அந்தக் குரலில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. என் பயம் எப்போது குறைந்தது என்று எனக்கே தெரியாது.

திடீரென்று ஈர மண்ணில் ஜக் வழுக்கியது. தட்டு இறங்கியது. முடிந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அது என்மேல் வரவில்லை. கடைசியாகச் செருகிய கட்டையில் போய் இருந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "ஏத்து" என்று மறுபடி அதே குரல்.

என்னை வெளியே இழுத்து எடுத்ததும் பிற்றர் சொன்னார், "சரி. இனி எல்லாரும் கதைக்கலாம்."

உடனே எனக்குப் பின்னாலிருந்து, "என்ரை பிள்ளை!" என்று ஓர் அலறல். திரும்பிப் பார்க்கிறேன். அப்பா! நெஞ்சு முழுக்கச் சேறு. இடக்கை விரல் ஒன்று நசிந்து இரத்தம் வழிகிறது. அந்தப் பெரிய மனுசன் நிலத்தில் குந்தியிருந்து ஓவென்று அழுதார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

கட்டை செருகிய ஆள் அவர். தொடக்கத்திலிருந்தே என் காலடியில், அந்தத் தட்டுக்கு அடியில்தான் படுத்துக்கிடந்திருக்கிறார். ஜக் வழுக்கியபோது விரல் அகப்பட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

மிச்சத்தை ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னா. நான் கிடந்து கத்தும்போதே அப்பா சுன்னாகத்திலிருந்து வந்துவிட்டாராம். அந்த நேரம் சத்தம் கேட்டு ஓடிவந்த பிற்றருக்கு முன்னால் போய் நின்றாராம். "நீர் குரல் கொடும். கீழை கிடக்கிறது என்ரை பிள்ளை. நான் அந்தரப்பட்டுப் பதறிடுவன்." தன் ஆள் அடியில் கிடந்தால் தான் குரல் கொடுக்கக் கூடாது. அதுவும் ஷெட் சட்டம்தானாம், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. பிற்றர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டாராம்.

முறிந்த கால் பொருந்த மாதக்கணக்கானது. இப்போதும் மழைக்காலத்தில் கொஞ்சம் நொண்டுவேன். அப்பாவிடம் ஒருநாள் செல்லமாகச் சண்டை பிடித்தேன், "நான் அவ்வளவு கூப்பிட்டும் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"இரண்டு குரல் கேட்டால் ஜக்கிலை நிக்கிறவன் எதைக் கேப்பான்?" என்றார். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஷெட் இரும்பு, அப்படி லேசில் வளையுமா? ஆனால் என் கலியாணத்துக்குப் பிற்றர் முதல் ஆளாக வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். கதைத்தார்களோ தெரியாது, பாயசம் மட்டும் இரண்டாம் தரமும் வாங்கினார்கள்.

இப்போது கோச்சி திரும்பவும் எங்கள் ஊருக்கு வருகிறது. ஷெட் இருந்த இடத்தைத்தான் காணோம். அதைக் காட்ட ஒரு சுவர்கூட மிச்சமில்லை. ஆனால் அங்கே எப்படிப்பட்ட மனிதர்கள் வேலை செய்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உயிர் போகிற மாதிரி நான் கூப்பிட்டும் என் அப்பா பதில் சொல்லாத அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது.